சொந்தச் சின்னமும் சொந்தக் கொள்கையும்

2019 மக்களவைத் தேர்தலில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வாக்காளர்கள் ஒரே கூட்டணியை இரண்டு விதமாக வெல்ல வைத்தார்கள். அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய சிதம்பரத்தில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்று 3,219 வாக்கு வித்தியாசத்தில் கரையேறினார். பக்கத்தில் பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் இந்திய ஜனநாயகக் கட்சியின் நிறுவனர் பாரிவேந்தர் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் நின்றார். அவருக்குக் கிடைத்த வித்தியாசம் நான்கு லட்சத்துக்கும் மேல்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரம்தான் தனித்த அரசியலுக்குக் கொடுக்க வேண்டிய விலை என்று கட்சிக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கை அப்படியே ஏற்க முடியாது. சிதம்பரம் தனித்தொகுதி; அங்கே விடுதலைச் சிறுத்தைகளுக்கு எதிராகத் திரளும் சாதி வாக்கு எந்தச் சின்னத்தில் நின்றிருந்தாலும் திரண்டிருக்கும். பெரம்பலூரில் அந்தத் தடை இல்லை. ஆயினும் கணக்கில் உண்மை அறவே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. வாக்குச்சாவடிக்குள் பானையைத் தேடிய கண்களில் ஒரு பகுதி சூரியனைத் தேடி ஏமாந்திருக்கும். அந்த ஆபத்தை அறிந்தே எடுத்த முடிவு அது.

2026 சட்டமன்றத் தேர்தலை முன்வைத்து இந்தப் பகுதியின் தனித்த அரசியலை எடைபோட மூன்று கேள்விகளை அளவுகோலாகக் கொள்கிறேன். வென்ற பிறகு அவையில் தன் மனப்படி வாக்களிக்கும் உரிமை அந்த உறுப்பினரிடம் எஞ்சுகிறதா? அவர் தரும் வாக்குறுதி, அவர் கேட்கும் பதவியின் அதிகாரத்துக்குள் வருகிறதா? அவருடைய திட்டம் இந்த மண்ணின் பிரச்சினையிலிருந்து எழுந்ததா, மாநிலம் முழுமைக்கும் எழுதியதில் ஊர்ப்பெயரைச் செருகியதா? சட்டமன்றத் தேர்தலை முன்வைப்பதற்கும் காரணம் உண்டு. பெரம்பலூர் மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் பெரம்பலூர் மாவட்டத்துக்கு உரியது ஒன்றுதான். மற்ற ஐந்தும் திருச்சி, கரூர் மாவட்டங்களைச் சேர்ந்தவை. சிதம்பரத்தில் பாதி கடலூர் மாவட்டம். ஆகவே இந்தப் பகுதி தன் குரலில் பேசக்கூடிய இடம் சட்டமன்றத்தின் 234 இருக்கைகளில் நான்கு மட்டுமே.

முதல் கேள்விக்கு விடை சட்டத்திலேயே இருக்கிறது. அரசமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி, ஒரு கட்சி நிறுத்திய வேட்பாளராக வென்றவர் அவையில் அந்தக் கட்சியின் உறுப்பினர். அதன் கொறடா ஆணைக்குக் கட்டுப்பட்டவர். வெளியே தனிக் கட்சிக்குத் தலைவராக இருக்கலாம், தனிக் கொடி ஏற்றலாம். வாக்கெடுப்பு மணி ஒலித்ததும் அந்தத் தலைமை செல்லாது. பாரிவேந்தர் அவையில் தி.மு.க. உறுப்பினராகவே கணக்கிடப்பட்டார். 2021இல் அரியலூர் சட்டமன்றத் தொகுதியில் ம.தி.மு.க.வின் கு. சின்னப்பா உதயசூரியனில் வென்றதும் இதே வகை. கூட்டணிக்கு இது சிக்கனம். சின்னக் குழப்பம் இல்லை, வாக்குச் சிதறல் இல்லை. அந்தச் சிக்கனம் உறுப்பினரின் சுதந்திரத்திலிருந்து பிடித்தம் செய்யப்படுகிறது என்பதை மட்டும் யாரும் வாக்காளரிடம் சொல்வதில்லை.

திருமாவளவன் இந்தப் பாடத்தைப் பட்டறிந்தவர். 2001இல் மங்களூர்த் தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் சட்டமன்றம் சென்றார்; 2004இல் பதவியைத் துறந்து வெளியேறினார். அரியலூர் மாவட்டத்து அங்கனூரில் பிறந்த அவர், தன் ஊர் அடங்கிய தொகுதியில் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றதை இந்தப் பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும். நிறைவு அதில் இருக்கிறது. குறையும் அதே ஆண்டில் இருக்கிறது: விழுப்புரத்தில் அதே கட்சியின் ரவிக்குமார் உதயசூரியனில் நிறுத்தப்பட்டார். ஒரு தொகுதியில் கொள்கை, மற்றொன்றில் காப்பீடு. 2024இல் இருவரும் பானையில் நின்று வென்றார்கள். சிதம்பரத்தில் வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2025 ஜனவரியில் தேர்தல் ஆணையம் அவர்களுக்கு மாநிலக் கட்சி அங்கீகாரம் தந்தது. 1999இல் வேறொரு கட்சியின் சைக்கிள் சின்னத்தில் முதன்முதலாகத் தேர்தலைச் சந்தித்த இயக்கம் தன் பெயரில் சின்னத்தை நிலைநாட்ட எடுத்துக்கொண்ட காலம் கால் நூற்றாண்டு. தமிழகத் தேர்தல் வரலாற்றில் இதற்கு ஈடாக வைக்கக்கூடிய பொறுமை அதிகம் இல்லை.

இந்தப் பகுதிக்கு இதற்கும் முந்தைய ஒரு முன்னுதாரணம் உண்டு. 1952இல் பெரம்பலூர் மக்களவைத் தொகுதியை வென்றது காங்கிரசும் அன்று, கம்யூனிஸ்டும் அன்று. தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. வன்னிய உழவர்களின் அரசியல் விழிப்பிலிருந்து எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியார் தலைமையில் எழுந்த அந்தக் கட்சி சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 19 இடங்களைப் பிடித்தது. 375 இடங்களில் 152 மட்டுமே பெற்றுக் காங்கிரஸ் தவித்த நேரம். 62 சுயேச்சைகள் அவைக்குள் இருந்த நேரம். ஒரு வட்டாரக் கட்சி கேட்டதைப் பெறுவதற்கு அதைவிட நல்ல தருணம் பின்னர் வாய்க்கவில்லை. 1954இல் படையாட்சியார் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார், கட்சி கரைந்தது. திரட்டியதில் அது வெற்றி. திரட்டிய வலிமையை ஒரு கொள்கையாக, ஒரு சட்டமாக, உழவர் கையில் நிற்கும் ஓர் ஏற்பாடாக மாற்றுவதில் தோல்வி. தனித்து வென்று அமைச்சர் பதவியில் முடிவது என்ற பாதை அன்றே போடப்பட்டுவிட்டது.

அந்தச் சமூகத் தளத்திலிருந்தே பின்னர் எழுந்த பாட்டாளி மக்கள் கட்சி, செய்முறையில் இந்த ஆய்வுக்குரிய எல்லாரையும்விட மேலே நிற்கிறது. ஆண்டுதோறும் நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிடும் வழக்கம், வேளாண்மைக்குத் தனி நிழல் அறிக்கை, 2016 தேர்தலுக்கு வெகு முன்பே வரைவுத் தேர்தல் அறிக்கையை மக்கள் முன் வைத்தது: இவை எதிர்க்கட்சி அரசியலில் அரிதான ஒழுங்கு. வரவு எங்கிருந்து, செலவு எதற்கு என்று எழுதும் கட்சியோடுதான் வாதிட முடியும். அந்த ஆண்டு அது தனித்தே நின்றது. மாநில அளவில் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்கு, இடம் ஒன்றும் இல்லை. 2011இல் ஜெயங்கொண்டத்தை வென்ற காடுவெட்டி குருவும் இரண்டாம் இடத்தோடு நின்றார். குறை அடுத்து வந்தது. 2019இல் அ.தி.மு.க. கூட்டணிக்குத் திரும்பியபோது அந்த அறிக்கைகளின் இடத்தில் பத்துக் கோரிக்கைகளை மட்டும் முன்வைத்தது. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிப்பது அவற்றுள் ஒன்று.

இங்கே நிதானிக்க வேண்டும், ஏனென்றால் கோரிக்கை அரசியலின் நிறையும் குறையும் ஒருசேரத் தெரிவது இங்கேதான். 2020 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சேலத்தில் அந்த மண்டலத்தை அறிவித்தபோது பட்டியலில் அரியலூரின் பெயரும் இருந்தது. சில நாள்களில் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. திருச்சியும் கரூரும்கூட இல்லை. கொள்ளிடக் கரையில் தா. பழூர் வட்டாரத்தில் நெல் விளையும் வயல்கள் படுகையின் பகுதியே என்பதை ஆற்றின் தென்கரையில் நிற்கும் யாரும் கண்ணால் காணலாம். சட்டம் ஆற்றோடு நின்றுவிட்டது. அதன் பொருள் 2023 ஏப்ரலில் தெரிந்தது: ஒன்றிய அரசு ஏலத்துக்கு அறிவித்த பழுப்பு நிலக்கரிப் பகுதிகளில் அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும் ஒன்று. எதிர்ப்பு எழுந்ததும் அவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. காப்பாற்றியது கிளர்ச்சி, காப்பாற்றியிருக்க வேண்டிய சட்டம் அந்த ஊரை அறியாது. கோரிக்கையை வென்றெடுத்த கட்சிக்குப் பாராட்டு உண்டு. ஆனால் சட்ட வரைவின் அட்டவணையை ஊர் ஊராக, வட்டாரம் வட்டாரமாக உரக்கப் படித்து ‘எங்கள் பெயர் எங்கே’ என்று கேட்டு மல்லுக்கு நிற்க, கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு சட்டமன்ற உறுப்பினர் தேவைப்பட்டார். அன்று அரியலூரும் ஜெயங்கொண்டமும் ஆளுங்கட்சியின் கையில் இருந்தன. கட்சிக் கட்டுப்பாட்டின் செலவு என்ன என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான வரவு செலவுக் கணக்கு வேண்டியதில்லை.

நாம் தமிழர் கட்சியைச் சுருக்கமாகவே மதிப்பிடலாம். கூட்டணி வைக்காமை, பாதி இடங்களில் பெண் வேட்பாளர், தோல்விக்குத் தளராமை ஆகிய மூன்றிலும் சொன்ன சொல் மாறவில்லை. அது அந்தக் கட்சி 2024இல் பெற்ற எட்டு விழுக்காட்டு வாக்கை விடப் பெரிய தகுதி. 2016இல் அது நூலாகவே வெளியிட்ட ஆட்சிச் செயற்பாட்டு வரைவு, திருச்சி உள்ளிட்ட ஐந்து தலைநகரங்கள் வரை சிந்தித்தது. திருச்சியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள இந்த இரண்டு மாவட்டங்களுக்கு அந்தப் பேரளவுச் சிந்தனை இறங்கி வரவில்லை. மூன்றாவது கேள்வியில் அது தேறாது.

பாரிவேந்தரின் பணியை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஏழை மாணவர்களுக்குத் தன் கல்வி நிறுவனத்தில் இலவச உயர்கல்வி அளித்தார். அதனால் வாழ்வு மாறிய குடும்பங்கள் இந்தத் தொகுதியில் இருக்கின்றன. அரியலூர், பெரம்பலூர், துறையூர், நாமக்கல் ரயில் பாதையை மக்களவையில் கேட்டார். ஆனால் முதலாவது, கொடையாளியின் வசதியோடு தொடங்கி அதோடு முடிவது. அடுத்து வரும் உறுப்பினரிடம் அதை உரிமையாகக் கேட்க முடியாது. கட்சி நிலையிலோ 2014இல் பா.ஜ.க. அணி, 2019இல் உதயசூரியன், 2021இல் கமல்ஹாசனுடன் தனி அணி, 2024இல் தாமரைச் சின்னம் என்று பத்தாண்டில் நான்கு நிலைகள். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் இருக்கலாம். நான்கையும் இணைக்கும் ஒரு கொள்கைச் சரடு இல்லை. ஒருமைப்பாடு என்ற அளவில் இந்த முயற்சி வீழ்கிறது.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. விழுப்புரம், திருச்சி குறுக்குப் பாதையில் அரியலூர் இருக்கிறது. மாவட்டத் தலைநகரான பெரம்பலூருக்குத் தண்டவாளமே இல்லை. மக்களவைத் தேர்தல் தோறும் இந்த ரயில் வாக்குறுதியாக வந்து போகிறது. சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் ‘ரயிலைக் கொண்டுவருவேன்’ என்றால் தன் கையில் இல்லாததை விற்கிறார். நிலத்துக்கான செலவில் மாநில அரசு பங்கு ஏற்க வேண்டும், அதற்கு அவையில் தீர்மானம் கொண்டுவருவேன் என்றால் அது அவருடைய அதிகாரத்துக்குள் வரும் பேச்சு. முதல் வகைப் பேச்சுக்கே கைதட்டல் கிடைக்கிறது.

இனி இந்தப் பகுதியின் உரைகல்லுக்கு வருகிறேன். அது சுண்ணாம்புக்கல்.

கடலடியில் உருவான அந்தப் பாறைமேல்தான் இன்று ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், ஆலத்தியூர், தளவாய், கீழப்பழுவூர் என்று சிமென்ட் ஆலைகள் நிற்கின்றன. அரசின் டான்செம் ஆலையும் அரியலூரிலேயே இருக்கிறது. தமிழகம் கட்டும் வீட்டிலும் பாலத்திலும் இந்த மண் இருக்கிறது. இங்கே மிஞ்சுவது தோண்டிய பள்ளம், சாலையில் லாரி, கூரையில் தூசு. இதற்கு ஈடு என்ன என்று சட்டம் ஓரளவு சொல்கிறது. 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, அதற்கு முன் தரப்பட்ட குத்தகைகளில் ராயல்டியின் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு நிறுவனங்கள் செலுத்த வேண்டும். ஏலத்தில் எடுத்த குத்தகைக்கு 10 விழுக்காடு. சிமென்ட்டுக்கான சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் ராயல்டி என்ற விகிதத்தில், பழைய குத்தகையில் வெட்டிய ஒவ்வொரு டன்னுக்கும் மாவட்டத்துக்கு 24 ரூபாய். புதிய குத்தகையில் 8 ரூபாய். பழைய குத்தகைகள் முடிந்து புதியவை ஏலத்துக்கு வரும்போது, தோண்டுவது அதே அளவில் இருக்க, ஊரின் பங்கு மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். மேடையில் பேசத் தகுந்த எண் இது. பேசப்படுவதில்லை.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ராயல்டி வரி ஆகாது, கனிமம் உள்ள நிலத்துக்கு வரி போடும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. தமிழக அரசு அந்த ஆண்டே சட்டம் இயற்றியது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். மாநிலத்தின் நிதி உரிமைக்காக இதை வரவேற்கிறேன். ஆனால் அந்த 160 ரூபாய் மாநிலப் பொது வருவாய். பள்ளம் விழுந்த ஊராட்சிக்கு அதில் இவ்வளவு என்று எழுதுவது ஒன்றிய அரசைக் கேட்க வேண்டிய காரியம் அன்று. சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். ஒன்றியத்திடம் மாநிலம் கேட்கும் அதே நியாயத்தை மாநிலத்திடம் மாவட்டம் கேட்பது. அரியலூர் அதைக் கேட்காவிட்டால் வேறு எந்த ஊர் கேட்கும்?

இதைவிட எளிய வழியும் திறந்தே இருக்கிறது. அறக்கட்டளையின் ஆட்சிக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். மக்களவை, சட்டமன்ற உறுப்பினர்கள் அதில் உறுப்பினர்கள். நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டைக் குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் போன்ற முன்னுரிமைகளுக்குச் செலவிட வேண்டும் என்றது 2015 வழிகாட்டுதல். 2024இல் அது 70 ஆனது. சுரங்கத்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட ஊர் எது என்ற பட்டியல் முதல் ஆண்டுத் திட்டம் வரை எல்லாவற்றிலும் கேள்வி கேட்க அந்த இருக்கையே போதும். ஆளுங்கட்சியாக இருக்க வேண்டியதில்லை, அமைச்சராக வேண்டியதில்லை. தனித்து வென்ற ஒற்றை உறுப்பினர் முழு அளவில் பயன்படக்கூடிய இடம் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் இதைத்தான் சுட்டுவேன். 2019, 2021, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இந்த அறக்கட்டளை நடைமுறையில் இருந்தது. எந்த அணியின் பிரசாரத்திலும் அது மையத்துக்கு வரவில்லை. பானையின் அரசியலும் இதில் விலக்கு அல்ல. அதன் அக்கறை அரசமைப்பு, சமூக நீதி, சனாதன எதிர்ப்பு என்ற பெரிய தளத்தில் இயங்குகிறது. அந்தத் தளத்தில் அதன் தர்க்கம் உறுதியானது. சுரங்கத்தை ஒட்டிய சேரியின் குடிநீரும் சமூக நீதிதான் என்று அந்தத் தர்க்கத்தை இங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தால், சின்னத்தில் காட்டிய துணிவுக்குப் பொருளும் சேர்ந்திருக்கும்.

நிலம் இரண்டாவது உரைகல். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக 1990களில் தொடங்கி ஆயிரக்கணக்கான ஏக்கர் பட்டா நிலம் எடுக்கப்பட்டது. மின்சாரம் வரவில்லை, இழப்பீட்டு வழக்குகள் ஒரு தலைமுறையைத் தின்றன, கடைசியில் திட்டம் கைவிடப்பட்டு நிலம் உரியவர்களுக்கே திரும்புவதாயிற்று. பெரம்பலூரில் டிட்கோவும் ஜிவிகே நிறுவனமும் அறிவித்த, ஏறத்தாழ மூவாயிரம் ஏக்கர் சிறப்புப் பொருளாதார மண்டலமும் காகிதத்தைத் தாண்டவில்லை. இதற்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டிய நன்மை அண்மைக் காலத்தது: எறையூர் சிப்காட்டில் தோல் அல்லாத காலணித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது, ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் ஆயிரம் கோடி ரூபாய்க் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பெண்களுக்கு வீட்டுக்கு அருகே மாதச் சம்பளம் என்பது, சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் வானத்தைப் பார்த்தே பழகிய ஒரு பகுதியில் சிறிய மாற்றம் இல்லை. அப்போதைய ஆளும் கட்சிக்கு இதில் முழு மதிப்பெண் தர எனக்குத் தயக்கமில்லை. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தில் ‘இத்தனை ஆண்டில் தொடங்காவிட்டால் நிலம் தானே திரும்பும்’ என்ற பிரிவைக் கேட்கும் உரிமையும் கடமையும் இந்த நான்கு தொகுதிகளுக்கு இருக்கிறது. இரண்டு முறை ஏமாந்த மண் கேட்கும்போது அதற்கு எடை உண்டு.

ஊரிலிருந்து எழுந்த குரல் மாநிலத்தின் கொள்கையாக முடியும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று உண்டு. குழுமூர் மாணவி அனிதா எந்தக் கட்சியின் வேட்பாளரும் அல்லர். நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை சென்றார்; 2017 செப்டம்பரில் அவரை இழந்தோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானதன் பின்னால் அந்தப் பெயர் இருக்கிறது. 2022இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

என் தீர்ப்பு இது. நேர்மையில் பானை முதலிடம். ஆண்டுகளைக் கொடுத்துப் பெற்ற இடம். செய்முறையில் நிழல் நிதிநிலை அறிக்கை முதலிடம். அதை எழுதியவர்கள் கூட்டணிப் பேரத்தில் அதன் பக்கங்களைக் கைவிட்டதால் பாதி மதிப்பு போயிற்று. உறுதியில் நாம் தமிழர். உள்ளூர் உள்ளடக்கத்தில் அது மிகவும் பின்தங்கி நிற்கிறது. கடன் வாங்கிய சின்னத்தில் வென்றவர்கள், தனிமனிதராக எவ்வளவு நல்லது செய்திருந்தாலும், இந்த வகைமைக்குள் வரமாட்டார்கள். சுண்ணாம்புக்கல் என்ற உரைகல்லில் நால்வரில் எவரும் தேறவில்லை.

வேட்புமனுத் தாக்கலுக்கு முன் அரியலூரிலோ குன்னத்திலோ, சொந்தச் சின்னத்தில் நிற்கும் ஒரு வேட்பாளர் கனிம அறக்கட்டளையின் ஆண்டுத் திட்டத்தை ஊராட்சி வாரியாகப் பிரித்து அச்சிட்டு, எந்த ஊருக்கு எவ்வளவு வந்தது, எந்த ஊருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு, கூடவே நில வரிச் சட்டத்துக்குத் தன் திருத்தத்தையும் எழுதித் தந்தால், அவர் டெபாசிட் இழந்தாலும் மேலே தந்த வரிசையில் அவரையே முதலில் வைப்பேன்.